காட்டு பாதாம் பூத்த பிறகு

என் கணவருக்கு ஒரு காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, பார்ப்பவர்கள் தவறவிட முடியாத அளவில் இருக்கிறது. அது பார்த்துவந்த வேலைதான் போனது. மழைக்காலத்தில் எல்லாருக்கும் வருகிற சாதாரணக் காய்ச்சல். சில நாள் படுத்தார், எழுந்தார், கஞ்சி குடித்தார், காப்பி கேட்டார். கொடுத்தேன். தூளே போடவில்லையா என்றார். டிகாஷனைக் கூட்டி இன்னொரு தம்ளர் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு வெந்நீர் நல்ல பதமாக இருக்கிறது என்று சொன்னபோதுதான் இருவருக்கும் விஷயம் உறைத்தது.

வேறு வீடாக இருந்தால் இது இவ்வளவு பெரிய செய்தி ஆகியிருக்காது. எங்கள் வீட்டில் அந்த மூக்கு தனி ஆளுக்குச் சமம். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த நாள்முதல் அவருக்குக் கோர்படிப் பக்கம் ராணுவக் கிடங்கு ஒன்றில் வேலை. வந்து இறங்கும் சரக்கைச் சோதிப்பார். ஏற்பார் அல்லது தள்ளுவார். ஓய்வு பெறும்வரை அங்கே அதைச் செய்தார், ஓய்வு பெற்றபின் என் சமையலுக்குச் செய்தார். ஔந்துப் பகுதியில் எங்கள் குடியிருப்பின் லிஃப்டை விட்டு இறங்கும்போதே எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன வதங்குகிறது என்று சொல்லிவிடுவார். சாம்பாரில் பெருங்காயம் தூக்கல், ரசத்துப் பருப்பு நேற்றையது, நெய்யைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருக்கலாம். எல்லாம் வாயில் வைக்கும் முன்பே வந்துவிடும். இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கும் ஒரு நாள் வராதா என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

அந்த நாள் வந்தது. எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறது என்றார். மறுநாளும் நன்றாக இருந்தது, அதற்கு மறுநாளும். அவருடைய பாராட்டுகளில் மிச்சம் இருந்தவை மூன்றே: மெத்தென்று இருக்கிறது, மொறுமொறுவென்று இருக்கிறது, சூடாக இருக்கிறது. வேண்டுதல் பலித்தவள் சந்தோஷப்பட வேண்டும்தானே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிப் புகை கூடம்வரை வந்துவிட்டது. அவர் அடுப்படிக்கு நாலு எட்டு தள்ளி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "தெரியல அம்மிணி," என்றார். அன்று பால், நாளைக்கு கேஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று அன்றிரவே எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் காய்கறிக் கடைக்குக்கூடப் போகவில்லை.

கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் காது மூக்கு தொண்டை பார்க்கும் மருத்துவரிடம் போனோம். நரம்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். ஒரு பயிற்சியும் சொன்னார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், நீலகிரித் தைலம் இவற்றைச் சின்னச் சின்ன பாட்டில்களில் போட்டு, காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு முகர வேண்டும்.

நான் பரீட்சை அதிகாரி மாதிரி பாட்டில்களோடு முன்னால் நிற்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில், முதல் பாட்டிலை நீட்டியதும், "கிராம்பு," என்றார். அடுத்ததற்கு எலுமிச்சை. அடுத்ததற்குக் காப்பி. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு உடனே போன் போட்டேன், தங்கைக்குப் போட்டேன். பிறகு வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி சும்மா இருக்க விடாமல், சாயங்காலம் பாட்டில்களை இடம் மாற்றி நீட்டினேன். நீலகிரித் தைலத்தை முகர்ந்து, "கிராம்பு," என்றார் நிதானமாக. நான் எப்போதும் எந்த வரிசையில் நீட்டுகிறேன் என்று மனப்பாடம் செய்திருக்கிறார், மகானுபாவர்.

ஏன் இப்படி ஏமாற்றினீர்கள் என்று கேட்டேன். "நீ நிக்கற நிப்பப் பார்க்க முடியலை," என்றார். பாட்டில்களைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

கேமரா அந்தச் சமயத்தில்தான் வந்தது. மகன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனான். மூக்கு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று இவர் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தை மாதம் முடிந்து, புனேக்காரர்கள் ஸ்வெட்டர்களைத் துவைத்து உள்ளே வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டில் நெரிசல் தொடங்கும் முன்பே ஔந்திலிருந்து கிளம்பி, ஊரின் அந்தக் கோடியில், அவருடைய கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மரத்தோட்டத்துக்குப் போய்விடுவோம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர்ப்பலகை. வேலையில் இருந்த காலத்தில் மதிய இடைவேளையில் அடிக்கடி அங்கே போவாராம். கேட்டிலேயே நின்று எது பூத்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவாராம். இதை அவரே சொன்னதுதான், சாட்சி கிடையாது.

என் கணவர் படம் எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் பொறுமை வேண்டும். கிடங்கில் சரக்கு பார்த்த பழக்கம் விடவில்லை. புரச மரம் ஒன்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். எதிரே போய் நின்று, இந்தப் பூவில் காம்பு கோணல், இந்தப் பூவில் எறும்பு கடித்திருக்கிறது, இது நேற்றைய பூ என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவார். கடைசியில் ஒன்று தேறி, கேமராவைத் தூக்கும்போது தேன்சிட்டு வந்து அதையே உலுக்கிவிட்டுப் போய்விடும். அவர் தேன்சிட்டைக் குறை சொல்லமாட்டார். நான் அசைந்ததுதான் காரணம் என்பார்.

எனக்கும் உத்தியோகம் உண்டு. பை, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் என் தோளில். அதுபோக, டிபன் பாக்ஸின் எவர்சில்வர் மூடியைப் பிடித்து வெயிலைத் திருப்பிப் பூவின் முகத்தில் அடிக்க வேண்டும். இதற்கென்று விற்கிற தகடு ஒன்று இருக்கிறது என்று மகன் சொன்னான். மூடி இருக்கும்போது அது எதற்கு என்று இவர் மறுத்துவிட்டார். மூடியில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சட்னியின் நிழல் ஒரு செம்பருத்திப் படத்தில் விழுந்திருக்கிறது. அது அந்தப் பூவின் இயற்கையான புள்ளி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து கணினியில் பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். ஒன்றில்கூட முழு மரம் இல்லை. வானம் இல்லை, பாதை இல்லை. எல்லாம் பூவுக்குள் முகத்தை நுழைத்து எடுத்த மாதிரி, அத்தனை கிட்டத்தில். மாம்பூங்கொத்து, புங்கம் பூ, அப்போதுதான் விரிந்த கொய்யாப்பூ. முன்பு மூக்கை எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைப்பாரோ, சரியாக அங்கேதான் இப்போது லென்ஸைக் கொண்டுபோய் வைக்கிறார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. மரத்தையும் கொஞ்சம் எடுக்கக் கூடாதா, பூ அந்தரத்திலா தொங்குகிறது என்று மட்டும் கேட்டேன்.

தோட்டத்தின் குளத்தோரம் ஒரு பெரிய மரம் உண்டு. பலகையில் ஜங்லி பதாம், அதாவது காட்டு பாதாம் என்று மராத்தியில் நாகரிகமாக எழுதியிருக்கிறது. தமிழில் அதற்குப் பெயர் பீநாறி. நம் ஆட்கள் பெயர் வைக்கும்போது யார் மனதும் நோகக் கூடாது என்றெல்லாம் பார்க்கிற வழக்கம் இல்லை. வசந்தத்தில் இலையில்லாத கிளைகளில் கொத்துக் கொத்தாகச் செம்பழுப்பு நிறத்தில் பூக்கும். பார்க்க அவ்வளவு அழகு. வாசனையோ, யாரோ கக்கூஸ் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதுபோல இருக்கும். அது பூக்கும் வாரங்களில் அந்தப் பக்கம் ஈ காக்காய் இருக்காது. இல்லை, ஈ இருக்கும், மனிதர்கள் இருக்கமாட்டார்கள். காலையில் குளத்தோரம் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிக்கிற சிரிப்புச் சங்கத்தார்கூட கேட் பக்கம் இடம் மாறிவிடுவார்கள். மூச்சை நன்றாக இழுத்துச் சிரிக்க வேண்டிய சங்கம் அது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த முதல் வசந்தத்தில் என் கணவர் அதன் அடியில்தான் குடியிருந்தார். துண்டை விரித்துப் போட்டு, உதிர்ந்த பூக்களுக்கு நடுவே மல்லாந்து படுத்து, மேலே பார்த்துப் படம் எடுத்தார். குப்புறப் படுத்து, தரையில் கிடந்த பூவை எடுத்தார். கூட்டமில்லை, யாரும் குறுக்கே வரவில்லை, தோட்டத்திலேயே இதுதான் அருமையான இடம் என்று கூவி என்னையும் அழைத்தார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எவர்சில்வர் மூடியை எவ்வளவு தூரத்திலிருந்து காட்ட முடியுமோ அவ்வளவு தூரத்திலிருந்து காட்டினேன்.

பார்த்தவர்கள் அவரைச் சாதாரண ஆளாக நினைக்கவில்லை. அந்த நாற்றத்தில் ஒருவர் சிரித்த முகத்தோடு படுத்திருக்கிறார் என்றால் அவர் தாவரவியல் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். தொப்பி போட்ட மராத்திக்காரர் ஒருவர் கைக்குட்டைக்குள்ளிருந்து, எந்தப் பல்கலைக்கழகம் என்று இந்தியில் விசாரித்தார். இவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தான் ஓய்வு பெற்றுவிட்டதாக மட்டும் சொன்னார். அது பொய் இல்லைதான். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு அங்கே நமஸ்காரம் எல்லாம் கிடைத்தது, கூடவே நின்ற எனக்கும் பாதி கிடைத்தது.

போனில் கேட்ட மகனும் தங்கையும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த மரத்தடியில் அவர் அவ்வளவு நிம்மதியாகப் படுத்திருந்தபோது, தோட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. திரும்பும் வழியில் கேம்ப்பில் இரானிக் கடை என்கிற பழைய டீக்கடையில் நிறுத்தி, வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு எப்போதும் பிடித்தது. பன்னைச் சாயாவில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, மெத்தென்று இருக்கிறது என்றார்.

கோடை போனது, மழை போனது, தீபாவளிக்கு மகன் வந்து போனான். பாட்டில்கள் அலமாரியிலேயே இருந்தன. மூக்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. சமையலில் நான் அடுப்பை விட்டு நகர்வதில்லை என்பதும் பழகிவிட்டது. மறுபடி குளிர் குறைந்து, ரோட்டோரங்களில் இளஞ்சிவப்புப் பூமரங்கள் பூக்கத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தோம். குளத்தோரக் காட்டு பாதாமில் அப்போது மொட்டுகள்தான் இருந்தன. பேராசிரியர் வாராவாரம் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, இன்னும் கொஞ்ச நாளாகும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடுமையான ஜலதோஷம். குளிர் போகும்போது புனேயில் பாதிப் பேருக்கு வருவதுதான். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். காரில் ஏறும்போதே, வா, இப்போது நீயும் என் கட்சி என்று கேலி செய்தார். தோட்டத்தில், போன வருடம் முழுக்கப் பழுதுபார்ப்புக்காக அடைத்துப்போட்டிருந்த மூங்கில் புதருக்குப் பின்பக்கப் பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் ஒருமுறைகூடப் போகாத பாதை; வேலைக் காலத்திலும் அவர் குளத்தோரத்தோடு திரும்பிவிடுவாராம். புதிதாக ஏதாவது கிடைக்கும் என்று அதில் நுழைந்தார், பையும் மூடியுமாக நான் பின்னால் போனேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மரம் முழுக்கச் செப்பு நிறத்தில் தளிர்த்திருந்தது. நேரே வெயில் பட்டு, ஒவ்வொரு இலையும் உள்ளிருந்து விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. பார்த்ததும் குனிந்து, தாழ்ந்த கிளை ஒன்றில் அவருக்குத் தேறிய தளிரைத் தேர்ந்தெடுத்து, லென்ஸைக் கிட்டே கொண்டுபோனார். நான் மூடியைச் சாய்த்துப் பிடித்தேன். கிளிக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கேமராவைக் கீழே இறக்கி, தலையைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அம்மிணி, இங்க எங்கயோ ஏதோ செத்துக் கெடக்குது."

எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. முதலில் பாட்டில்கள்தான் ஞாபகம் வந்தன. எனக்கு மூக்கடைத்திருக்கும் நாளாகப் பார்த்து மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று கோபம்தான் வந்தது.

"சும்மா இருங்க. இன்னொருக்கா என்னை அப்படி ஏமாத்தாதீங்க," என்றேன்.

அவர் முகம் சுளித்திருந்தது. ரசத்துப் பருப்பு நேற்றையது என்று கண்டுபிடிக்கும்போது வருமே, அதே சுளிப்பு. அந்தச் சுளிப்பை நான் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பாதையின் வளைவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கையால் குழந்தையை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு. எங்களைத் தாண்டும்போது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மராத்தியில் சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் மூடியைக் கையில் பிடித்தபடியே வளைவுக்கு ஓடினேன். அங்கே, மூங்கிலுக்கு அந்தப் பக்கம், இன்னொரு காட்டு பாதாம். குளத்தோர மரத்தைவிட உயரம். கிளை தெரியாமல் பூத்து, கீழே தரை முழுக்கச் செம்பழுப்பாக உதிர்ந்து கிடந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்கு அப்போதும் ஒரு வாசனையும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் வளைவிலேயே நின்றுவிட்டார், தோளில் கிடந்த துண்டால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டு. போன வருடம் அதே துண்டைத்தான் விரித்து, இதே நாற்றத்தில் படுத்திருந்தார்.

அழுதேன். மூக்கு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்ததால், போகிற வருகிறவர்களுக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நெருங்கிப் போய்ப் படம் எடுங்கள், இந்த மரத்தை எடுக்காமல் எப்படி என்றேன். துண்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். ஒரு எட்டு முன்னால் வைத்தார், குமட்டிக்கொண்டு பின்னால் போனார். கடைசியில் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, "நீ போய் எடு. உனக்குத்தான் இப்ப மூக்கு இல்லை," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நாற்றத்தால்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

நான் மரத்தடியில் போய் நின்று, அண்ணாந்து எடுத்தேன். எனக்குக் கிட்டப் போய் எடுக்கத் தெரியாது. மரம் முழுக்க, வானம், மூங்கில் ஓரம், எல்லாம் சேர்ந்து வந்தது. கொஞ்சம் ஆடியும் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த அவர், அடிமரம் கோணல், வெளிச்சம் தப்பு, ஆட்டம் வேறு, இதைத் தள்ளவேண்டியதுதான் என்றார். அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

மூக்கு ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. முதலில் வந்ததெல்லாம் கெட்ட வாசனைகள்தான். சாக்கடை, அழுகின வெங்காயம், லிஃப்டில் யாரோ அடித்துக்கொண்டு வரும் சென்ட். மல்லிகையும் காப்பியும் இன்னும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. இரானிக் கடை பன் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. மருத்துவர், பொறுமையாக இருங்கள் என்கிறார். இருக்கிறோம்.

தோட்டத்தில் அந்த இரண்டாவது மரத்தைப் பார்த்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதை விட்டு நகராமல் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தங்கையிடமிருந்து போன் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ஜலதோஷம் முழுதாக விடவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூடத்திலிருந்து, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மிணி, பாலு அடிப்புடிக்குது."

திரும்பினேன். பால் ஓரமெல்லாம் பழுப்பேறி, அடியில் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கை அடுப்பின் குமிழ்வரை போய்விட்டது. ஆனால் அணைக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று அப்படியே நின்றேன்.